ஐடா ஸ்கடரும் வன்னியின் ஓட்டோக் கூலியும்

மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பி, பிறகு அந்தத் தார் றோட்டையும் விட்டு மண் பாதையில் இறங்கினால் வருகிற கிராமம் அது. பெயர் வேண்டாம். கடந்த ஆடியில் சிறுபோகம் தண்ணீரில்லாமல் அழிந்த கதையைக் கேட்கத்தான் அங்கே போனேன். போன வீட்டில் வயலைப் பற்றி யாரும் பேசும் நிலையில் இல்லை. வீட்டு மருமகளுக்கு எட்டு மாதம். முதல் பிள்ளை சத்திரசிகிச்சையில் பிறந்தது. இரண்டாவதை எங்கே பெறுவது என்று முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே நாலு பேர் நாலு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியாருக்குப் பக்கத்து வைத்தியசாலை போதும். நடந்தே போய்ச் சோறு கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் அங்கே சத்திரசிகிச்சைக் கூடம் இல்லை. கிளினிக்கில் டொக்டர் கிளிநொச்சி என்று அட்டையில் எழுதிவிட்டார். கணவன் அதற்குச் சம்மதம்தான், ஓட்டோக் கூலியை நினைத்துத்தான் தலையைச் சொறிந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த அவருடைய அக்கா, காசைப் பார்க்காமல் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு நிபுணரிடம் சனல் பண்ணிப் பதிந்துவிடச் சொன்னார். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா உதவுவாராம். பெண்ணின் தாய் ஒன்றும் பேசவில்லை. அவர் தன் கடைசி மகனை 2009 பங்குனியில் புதுமாத்தளனில் ஒரு தறப்பாளுக்குக் கீழே பெற்றவர்.

வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் புறப்படும்போது படலை வரை கூட வந்தாள். அக்கா, இதில் எதற்கு எவ்வளவு முடியும் என்று ஒருக்கால் சொல்லுவீங்களா என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஐடா ஸ்கடரின் நினைவு வந்தது. ஊடகக் கற்கை படித்த காலத்தில் ஒரு ஆவணப்படப் பயிற்சிக்காக அவருடைய வாழ்க்கையை வாசித்திருந்தேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கியவர் என்று எங்கள் சனத்திலும் பலருக்கு அவரைத் தெரியும். கடைசி நம்பிக்கையாக வேலூருக்குப் போய்வந்த நோயாளிகள் ஈழத்தமிழர் குடும்பங்களில் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பெரிய வைத்தியசாலை எந்தக் கேள்வியில் இருந்து முளைத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது அந்த வேப்பமரத்தடிக் கேள்விதான். பிள்ளையை எங்கே பெறுவது, அதை யார் தீர்மானிப்பது, அதற்கு யார் என்ன விலை கொடுப்பது.

ஸ்கடர் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பழைய தொடுப்பு உண்டு. ஐடாவின் பேரனார் டொக்டர் ஜோன் ஸ்கடர், 1819இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக இலங்கைக்கு வந்தவர். பண்டத்தரிப்பில் இருந்துகொண்டு ஊசியும் கத்தியும் மருந்தும் வேதப் புத்தகமுமாக ஊர் ஊராகப் போனவர். 1836இல் சென்னைக்கு மாறிப்போனார். அதற்கு முந்திய ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்த அவருடைய மகன் இன்னொரு ஜோன், ஐடாவின் தகப்பன். அவரும் வைத்தியர்தான். அந்தக் குடும்பத்தில் பிறந்தால் மிஷனில் சேருவதுதான் வழக்கம். மதம் மாற்றுவதும் மருந்து கொடுப்பதும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள். அதைப் பற்றி விமர்சனம் இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையின் மையம் அது இல்லை.

ஐடா 1870 மார்கழி 9ஆம் திகதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அண்ணன்மாருக்குப் பிறகு வந்த கடைக்குட்டி, ஒரே பெண். அவருக்கு ஆறு வயதாகும்போது தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்த பஞ்சம் அது. மிஷன் வீட்டு வாசலில் வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கிற வேலை அந்தச் சின்னப் பிள்ளைக்கும் விழுந்தது. சில பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிடிக்கவும் பெலன் இல்லை, வாயில் வைத்துவிட வேண்டியிருந்தது. நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கும் நிற்கப் பிள்ளைகளை அனுப்பியவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. நெப்ராஸ்காவில் ஒரு பண்ணை. சில ஆண்டுகளில் தகப்பன் மட்டும் இந்தியாவுக்குப் போனார். பின்னால் தாயும் போனார். பிள்ளை உறவினர் வீட்டில் விடப்பட்டாள். தாய் புறப்பட்ட இரவில் அவருடைய தலையணையில் முகம் புதைத்து அழுதாள் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை இந்தியாவை வெறுத்ததில் ஆச்சரியமில்லை. படிப்பு முடித்து, நல்ல இடத்தில் கலியாணம் செய்து, சொந்த நாட்டில் வசதியாக வாழ்வதுதான் திட்டம். 1890இல் தாய்க்குச் சுகமில்லை என்று செய்தி வந்தபோதுதான், கொஞ்சக் காலம் உதவிவிட்டுத் திரும்புவோம் என்று திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கேதான் அந்த இரவு. விளக்கு வெளிச்சத்தில் ஐடா எழுதிக்கொண்டிருக்கும்போது வெராந்தாவில் ஒரு பிராமண இளைஞர் வந்து நிற்கிறார். மனைவிக்குப் பிரசவம் தடைப்பட்டு நிற்கிறது, மருத்துவிச்சி கைவிட்டுவிட்டாள், உதவிக்கு வர வேண்டும் என்கிறார். ஐடா தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டொக்டர், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறார். அந்நிய ஆண் தன் மனைவியின் அறைக்குள் வருவது நடவாத காரியம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் மனிதர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்து. அவரும் அப்படியே திரும்பிப் போகிறார். விடிந்ததும் பறைச் சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று வேலையாள் வந்து சொன்னார். அவர்களில் ஒருத்திக்கு வயது பதினாலு அளவில்.

கிறிஸ்தவப் பிரசங்கங்களில் இந்த இரவு தெய்வ அழைப்பாகச் சொல்லப்படும். ஐடாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். நான் வாசிக்கும்போது என் மனம் நின்றது அந்த மூன்று ஆண்களிடத்தில். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. நடு இரவில் வெள்ளைக்காரர் வீட்டுப் படி ஏறி ஒரு பெண்பிள்ளையிடம் கெஞ்சியவர்கள். மனைவியில் அன்பில்லாதவன் அப்படி வந்திருக்க மாட்டான். ஆனால் முடிவெடுக்க வேண்டிய நேரம் அவர்களுக்கு வந்தது வலி தொடங்கி, மருத்துவிச்சி கையை விரித்த பிறகு. அந்த நேரத்தில் எவனாலும் புதிதாக யோசிக்க முடியாது. ஏற்கெனவே ஊர் எழுதிவைத்த விதிதான் அவன் வாயில் வரும். கெளரவம் என்ற பெயரில் அவர்கள் சேமித்ததற்கான விலையை மூன்று பெட்டைகள் கட்டினார்கள். அவர்களுடைய பெயர்களை நான் வாசித்த எந்த நூலிலும் காணவில்லை.

ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பினார், ஆனால் கலியாணத்துக்காக இல்லை. 1895இல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898இல் கோர்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் எடுக்கத் தொடங்கியதும் அங்கே மாறி, அடுத்த ஆண்டு பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர்.

புறப்படுமுன் அவருக்கு ஒரு வேலை தரப்பட்டது. வேலூரில் பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை கட்ட 8,000 டொலர் திரட்ட வேண்டும். கப்பல் ஏற அதிக நாள் இல்லை. நியூயோர்க்கில் வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்னத் தொகைகளாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் ஒரு அம்மையாரிடம் திண்டிவனத்து இரவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறையில் இருந்த ஷெல் என்ற வயதான வங்கியாளர் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர். மறுநாள் கூப்பிட்டு 10,000 டொலர் கொடுத்தார், மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயரை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இன்றும் வேலூரில் இருக்கிறது, இப்போது அது கண் வைத்தியசாலை.

1900 தை முதலாம் திகதி வேலூருக்கு வந்து சேர்ந்தார். அப்பாவிடம் கூட இருந்து தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். வைகாசியில் அப்பா புற்றுநோயில் இறந்துபோனார். இருபத்தொன்பது வயதில், அனுபவமில்லாமல், பங்களாவின் சின்ன அறையொன்றில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். ஆரம்பத்தில் ஆட்கள் வரவில்லை. ஆண் என்பதால் அப்பாவை வேண்டாம் என்ற ஊர், பெண் என்பதால் மகளை நம்பவில்லை. பங்களா வேலையாள் ஒருவரின் மனைவி சலோமிதான் அவருக்கு முதல் உதவியாளர். மருத்துவம் படிக்காத அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தன் முதல் பெரிய சத்திரசிகிச்சையையே செய்தார். சலோமிகளைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் டொக்டர்மாருக்குப் பக்கத்தில் நின்ற தொண்டர் பிள்ளைகளை எனக்கு அவர் ஞாபகப்படுத்துகிறார்.

பிறகு சனம் வந்தது, அலையாய் வந்தது. இரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர். 1902இல் நாற்பது கட்டில்களோடு ஷெல் வைத்தியசாலை திறந்தது. ஆனால் ஐடாவுக்குக் கட்டடம் கட்டிய பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பிரசவத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வந்தார்கள். இரண்டு நாள், மூன்று நாள் வலியெடுத்து, ஊர் மருத்துவிச்சி தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்து, பிறகு மாட்டுவண்டி தேடி, வண்டிக்குக் காசு தேடி, ஆற்றைக் கடந்து வந்து சேரும்போது தாயோ பிள்ளையோ, சிலவேளை இருவருமோ கைதப்பிப் போயிருப்பார்கள். ஆஸ்பத்திரி இருப்பது ஒன்று. அங்கே போய்ச் சேருவது வேறொன்று.

அதனால் அவரே வெளியே போனார். கிழமைக்கு ஒரு நாள் குடியாத்தம் வீதியில் மாட்டுவண்டியில் போவார். குறிப்பிட்ட மரங்களுக்குக் கீழே வண்டி நிற்கும், நோயாளிகள் காத்திருப்பார்கள். சில ஆண்டுகளில் ஒரு பிரெஞ்சு மோட்டார் கார் வந்தது. மாடும் குதிரையும் இல்லாமல் வண்டி ஓடி வருவதைக் கண்டு முதலில் சனம் பேய் என்று ஓடியதாம். பிறகு அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தார்கள். வீதியோர மருத்துவமனை என்பது வேலூரில் தொடங்கி இன்றுவரை பல நாடுகளில் பல பெயர்களில் நடக்கிறது. மீள்குடியேறிய காலத்தில் வன்னியில் நடமாடும் கிளினிக் வருகிற நாளுக்காக மரத்தடியில் குந்தியிருந்தவர்களுக்கு அந்தக் காட்சியைப் புதிதாக வர்ணிக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஆட்கள். ஒருத்தி எத்தனை வாசலுக்குப் போவாள்? 1909இல் தாதியர் பயிற்சி தொடங்கினார். பிறகு பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பாடசாலை வேண்டும் என்றார். சென்னை மாகாணத்தின் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சிரிப்பு. மூன்று பெண்கள் விண்ணப்பித்தால் அதிகம் என்று நினைத்தார்கள். 1918இல் 151 பேர் விண்ணப்பித்தார்கள். முதலாண்டுப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவிகள் எல்லாரும் தேறினார்கள். ஆண்களின் பாடசாலைகளில் தேர்ச்சி அதற்குக் கிட்டவும் வரவில்லை. 1922இல் பதினாலு பெண்கள் வைத்தியர்களாக வெளியே வந்தார்கள். திண்டிவனத்து இரவுக்கு ஐடா சொன்ன பதில் கட்டடமோ காரோ இல்லை, இந்தப் பதினாலு பேர்தான் என்று நினைக்கிறேன். ஊரின் கட்டுப்பாடு ஒரே நாளில் மாறாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே நுழையக்கூடிய ஆட்களை உருவாக்கினார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1930களின் கடைசியில் அரசு விதிகள் மாறி, கல்லூரியைப் பல்கலைக்கழகத் தரத்துக்கு உயர்த்தாவிட்டால் மூட வேண்டும் என்ற நிலை வந்தது. எழுபது வயதில் மறுபடி அமெரிக்கா போய், போர்க்காலம் முழுவதும் ஊர் ஊராகப் பணம் கேட்டார். ஆண்களையும் சேர்ப்பதா என்ற சண்டையில் பழைய தோழிகள் சிலர் அவரை விட்டு விலகினார்கள். 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். அவருக்குப் பிறகு பொறுப்பேற்றவர் மகப்பேற்று வைத்தியரான ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண். ஐடா கலியாணம் செய்யவில்லை. கொடைக்கானலில் 1960 வைகாசியில், எண்பத்தொன்பது வயதில் இறந்தார்.

அவர் வேலூரில் ஒவ்வொரு தாயாகப் பார்த்துக்கொண்டிருந்த 1930களில், இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்று அந்த எண் முப்பதை ஒட்டி நிற்கிறது. இந்த வீழ்ச்சிக்கு உலகமே இலங்கையை உதாரணம் காட்டுகிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கியதும், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கே வரும் முறை வந்ததும், நாற்பதுகளில் மலேரியா அடங்கியதும், 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணம் நீக்கப்பட்டதும் அதற்குக் காரணங்கள். ஐடா ஒரு ஆளாக, நன்கொடையால், ஒரு மாவட்டத்தில் செய்ததை இங்கே அரசு வரிப்பணத்தில் நாடு முழுக்கச் செய்தது. இந்த அரசோடு எங்களுக்கு இருக்கிற கணக்கு பெரியது. என்றாலும் இந்த வரவையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த நாடு தழுவிய கணக்குக்குள் வன்னி எப்போதும் பொருந்தியதில்லை. 2009 மாசியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மேல் எறிகணை விழுந்து, புதுமாத்தளன் பாடசாலை ஆஸ்பத்திரியானபோது, எங்கே பெறுவது என்ற கேள்வியே எங்கள் பெண்களுக்கு இருக்கவில்லை. பதுங்குகுழிக்குள்ளா வெளியிலா என்பதுதான் கேள்வி. நான் போன வீட்டில் பேசாமல் இருந்த அந்தத் தாய் பிறகு என்னோடு கொஞ்சம் பேசினார். தன் பிரசவத்துக்கு ஒரு சதமும் முடியவில்லை என்று சொல்லிச் சிரித்தார். கொடி வெட்டியது யார் என்றே அவருக்குத் தெரியாது. எந்த இடமும் தனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் வாய் திறக்கவில்லை என்றார்.

பிரசவ மரணங்களை ஆராய்ந்தவர்கள் 1994இல் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள். போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். திண்டிவனத்தில் மூன்று பேரும் முதலாவதில் சிக்கினார்கள். குடியாத்தம் வீதியில் ஐடா மல்லுக்கட்டியது இரண்டாவதோடு. வன்னியில் இன்று யாரும் ஆண் டொக்டர் என்று மறுப்பதில்லை. வி.ஓ.ஜி. என்றால் ஆணோ பெண்ணோ சனம் போகிறது. முதல் தாமதம் இப்போது வேறு உடுப்பில் வருகிறது, காசு என்ற உடுப்பில்.

அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பிந்திய கிழமைகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் விசாரித்தேன். அரச வைத்தியசாலையில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை, சத்திரசிகிச்சை என்றாலும் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது மற்றக் கணக்கு. தூரத்தில் இருப்பவர்களை, அதுவும் முதல் பிள்ளை சிசேரியன் என்றால், திகதிக்கு முன்னமே வந்து வாட்டில் சேரச் சொல்வார்கள். அது மருத்துவ ரீதியில் சரியானது. ஆனால் அந்த நாட்களில் கூட நிற்கிறவருக்குச் சாப்பாடு, போக்குவரத்து, வீட்டில் மற்றப் பிள்ளையைப் பார்க்க ஆள், கூலி வேலைக்குப் போகிறவருக்குப் போன நாட்கள் எல்லாம் சேரும். ஆட்டையும் மாட்டையும் யார் கட்டி அவிழ்ப்பது என்பதும் இதில் வரும். நுண்கடன் கிழமைக் கட்டுப்பணம் பிள்ளை பிறந்ததென்று நிற்காது. இடையில் ஒரு இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ வெளியில் எடுக்க வேண்டி வந்தால் அது தனி. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது, திகதியைவிட ஓட்டோவில் எத்தனை லீற்றர் இருக்கிறது என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருந்ததாக ஒரு தாய் சொன்னார்.

தனியார் ஆஸ்பத்திரியில் இலட்சங்களில் போகும். அதைத் தெரிவு செய்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தனி அறை, தெரிந்த நிபுணர், கணவன் பக்கத்தில் நிற்கலாம் என்பதெல்லாம் சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் பொதி விலை என்று சொல்வதில் எது அடங்கும் என்று முதலே கேட்க வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடம், மயக்க மருந்து வைத்தியர், குழந்தை வைத்தியர், கூடுதலாகத் தங்கும் நாட்கள் எல்லாம் அதற்குள்ளா வெளியிலா என்று. பிள்ளை நிறை குறைவாகப் பிறந்தால் எங்கே கொண்டுபோவார்கள் என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். பல வேளைகளில் அதற்குப் பதில் அரச வைத்தியசாலை என்றுதான் வரும். கட்டில் எவ்வளவு வடிவாக இருக்கிறது என்பதைவிட, இரத்தம் கையிருப்பில் இருக்கிறதா, இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். முதல் பிள்ளை சிசேரியன், பிரஷர், இரட்டைக் குழந்தை, நச்சுக்கொடி கீழிறங்கியது என்று அட்டையில் எழுதியிருந்தால் இந்தக் கேள்வியில் விட்டுக்கொடுப்பு இல்லை.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய பெண்கள் நலச் சிறப்பு மையம் 2024இல் திறக்கப்பட்டது. நல்ல விஷயம். ஷெல் வைத்தியசாலை திறந்தபோதும் இப்படித்தான் சந்தோசப்பட்டிருப்பார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்தது, அதற்குக் கட்டணம் இல்லை. நான் சந்தித்த தாய்மாரில் சிலருக்கு அது விபத்துக்கு மட்டும்தான் என்ற எண்ணம். பிரசவ வலிக்கும் அழைக்கலாம் என்று தெரியாது. மண் பாதையில் வீட்டை எப்படி அடையாளம் சொல்வது என்பதை, வலி வந்த பிறகில்லாமல் முதலே யோசித்து வைப்பது நல்லது. எங்கள் கிராமங்களில் வீதிப் பெயர் கிடையாது, குளமும் ஆலமரமும்தான் விலாசம்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமியார் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. மருமகள் வாங்கிக் கிளினிக் அட்டைக்குள் மடித்து வைத்தாள். அன்று குடும்பநல உத்தியோகத்தரும் வந்திருந்தார். நான் ஒரு மணி நேரம் பேசியதை அவர் ஐந்து நிமிடத்தில் மாமியாருக்கு விளங்க வைத்தார். முதல் பிள்ளைக்கு வெட்டிய தழும்பு வலி நேரத்தில் விட்டுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்று மட்டும் சொன்னார். மாமியார் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, எந்த நாள் போகவேணும் என்று கேட்டார்.

புரட்டாதியில் கிளிநொச்சியில் பெண்பிள்ளை பிறந்தது. இரண்டாவது தடவையும் வெட்டித்தான் எடுத்தார்கள். முப்பத்தொன்று கழிந்த பிறகு போய்ப் பார்த்தேன். கணவர் ஒரு பழைய கொப்பியில் செலவைக் குறித்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு என்ற வரியில் ஒன்றுமில்லை. ஓட்டோ, ஒரு தடவைக்கு 5,000 ரூபா, இரண்டு நாள் கூலிக்குக் கிட்ட. அப்படி மூன்று தடவை. வெளியில் எடுத்த பரிசோதனை ஒன்று. கூட நின்ற மாமியாருக்குச் சாப்பாடு. வேலைக்குப் போகாத பதினொரு நாள். சங்கத்தில் எடுத்த கடன். கடைசியில் பத்தியச் சரக்கு என்று எழுதி, அதை மாமியாரே வறுத்து அரைத்ததால் பக்கத்தில் தொகை போடாமல் விட்டிருந்தார்.